ஒன்பதாம் தேதிச் சிரிப்பு

சினிமா பார்த்துச் சிரித்ததற்காக ஒருவனுக்கு மெமோ கொடுத்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அந்த மெமோவை டைப் அடித்த கை இது. கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று அமீருதீனுக்கு, ஒன்று பைலுக்கு, மூன்றாவது யாருக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

1953-ஆம் வருஷம். ராயபுரத்தில் கிரிம்ஷா கம்பெனி என்று ஒன்று இருந்தது. பதனிட்ட தோலைக் கட்டுக் கட்டாகக் கப்பலேற்றுகிற வியாபாரம். நான் அங்கே டைப்பிஸ்டு, பெயர் வேதமாணிக்கம். அமீருதீன் கிடங்கில் மார்க்கு போடுகிறவன். எழுத்து வெட்டிய தகரத்தைக் கட்டின்மேல் வைத்து, பிரஷ்ஷைக் கறுப்பு மையில் தோய்த்து, கப்பலின் பெயரையும் போய்ச் சேரும் ஊரின் பெயரையும் அடிக்க வேண்டும். பதினோரு வருஷமாக அடித்துக்கொண்டிருந்தான். லண்டனுக்குப் போக வேண்டிய கட்டு ஒன்றுகூட ரங்கூனுக்குப் போனதில்லை. காலடிப்பேட்டையில் கம்பெனியின் லைன் வீடுகளில் ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் அவனும் மனைவி ரஹீமுன்னிசாவும் ஆறு வயது மகள் சபீஹாவும் இருந்தார்கள். வேலை போனால் மறுநாளே வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம்.

அவனிடம் கெட்ட பழக்கம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுவான்.

கம்பெனியில் மிச்சமிருந்த ஒரே வெள்ளைக்காரர் டைரக்டர் கிரிம்ஷா துரை. மற்ற துரைமார் சுதந்திரத்தோடு கப்பலேறிவிட்டார்கள். அவர்களுக்கென்று இருந்த முன்வாசல் படிக்கட்டு மட்டும் போகவில்லை. அதில் கிரிம்ஷா துரையும் உதவி மானேஜர் ஜெயவேலும் மட்டும் ஏறலாம். பாக்கி எல்லோருக்கும் கொல்லைப்புறத்து இரும்பு ஏணி. ஜெயவேலுக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நாற்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, முகம் நிறையப் பவுடர் பூசிக்கொண்டு வந்தார், முன்படிக்கட்டில் ஏறினார், யாரும் தடுக்கவில்லை. ஆறு வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறார். பவுடரும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் கல்மண்டபத்துக்குப் பக்கத்து டாக்கீஸில் 'துரை குழாய்' என்ற படம் வந்து சேர்ந்தது. கதை இதுதான். ஓர் ஆலையில் இரண்டு குடிதண்ணீர்க் குழாய்கள், ஒன்று வெள்ளைக்காரர்களுக்கு, இன்னொன்று கறுப்பர்களுக்கு. தண்ணீர் என்னவோ ஒரே தொட்டியிலிருந்துதான் வருகிறது. துரை ஊருக்குப் போகும்போது, "என் நிறத்துக்கு எவன் வருகிறானோ அவன் இதில் குடிக்கட்டும்" என்று குழாயின் சாவியை ஹெட் கிளார்க்கிடம் கொடுக்கிறார். ஹெட் கிளார்க் பவுடரைப் பூசிக்கொண்டு குடிக்கிறார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். கடைசியில் ஆலை முழுக்கப் பவுடர் மூஞ்சிகள். இயந்திரத்துக்குள் புகுந்து உடம்பெல்லாம் கரியோடு வெளியே வந்த அசல் வெள்ளைக்கார எஞ்சினீயரை எல்லோருமாகச் சேர்ந்து, "போடா, உன் குழாய் அந்தப் பக்கம்" என்று விரட்டுகிறார்கள்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலைக் காட்சி. தரை டிக்கெட்டில் அமீருதீன். அதற்குப் பின்னால் பெண்கள் பெஞ்சில் அவன் மனைவியும் மகளும். அதற்கும் பின்னால் நாற்காலியில் நான். எல்லோருக்கும் பின்னால் சோபாவில் ஜெயவேல்.

ஹெட் கிளார்க் கண்ணாடி முன்னால் நின்று பவுடரை ஒற்றி ஒற்றிப் பியூனிடம், "இப்போது?" என்று கேட்கிற காட்சி வந்தது. பியூன் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம், எஜமான்" என்கிறான். மறுபடி பூச்சு. மறுபடி, "இப்போது?" அவ்வளவுதான். தரையிலிருந்து அமீருதீனுடைய சிரிப்பு கிளம்பிற்று. அடிவயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு அது, லேசில் நிற்காது. பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே, தன் பெண்டாட்டி சிரிக்கிறாளா என்று பார்க்கப் பின்னால் திரும்பினான். அவள் பெஞ்சுக்கு நேராக, நாற்காலிகளுக்கு அப்பால் இருந்தது ஜெயவேலின் சோபா. அவனுடைய போதாத காலம், வேறென்ன?

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டுதான் வந்தது. கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெயவேல் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். இங்கிலீஷில் அடித்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நேற்று மாலைக் காட்சியில், இடைவேளைக்கு முன்பாக, நீர் ஏறக்குறைய நான்கு நிமிட நேரம் சிரித்ததாகவும், சிரித்த நிலையிலேயே உயர் வகுப்பு இருக்கைகளை நோக்கித் திரும்பியதாகவும் நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறது. மேலதிகாரியை இழிவான நோக்கத்துடன் நோக்கியமைக்காக உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டவும். அதுவரை உமக்கு வேலை இல்லை."

கிடங்குக்குப் போய் நானே படித்துக் காட்டினேன். அமீருதீன் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைக்கவே மறந்துவிட்டான்.

"இன்னா சார் இது? சினிமாவுல சிரிச்சா குத்தமா? அவரு அங்க குந்திகினு இருந்ததே எனுக்குத் தெரியாதே! நான் எம் பொஞ்சாதியப் பாக்கத்தான் திரும்புனேன்."

"அதை நீயே வந்து சொல், அமீர்."

இரும்பு ஏணி வழியாக இருவரும் மேலே போனோம். ஜெயவேல் எங்களை உட்காரச் சொல்லவில்லை, ஆனால் கோபமாகவும் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"நான் நீதி தெரிந்தவன், மிஸ்டர் வேதமாணிக்கம். எனக்கு நிற பேதமே கிடையாது. என் வீட்டுச் சமையல்காரன் நல்ல கறுப்பு. அவன் சமைத்ததைத்தான் நான் சாப்பிடுகிறேன். விருந்தாளிகள் வந்தால் முன்னால் வராதே என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் அவன் நன்மைக்குத்தான். ஆகவே இந்த ஆள்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. அது நகைச்சுவைப் படமாக இருந்தால் சிரித்தது இயற்கை, நானே மெமோவைக் கிழித்துப் போடுகிறேன். நகைச்சுவைப் படம் இல்லையென்றால்? அப்போது இவன் சிரித்தது எதைப் பார்த்து? யாரைப் பார்த்து?"

"விளம்பர நோட்டீஸில் 'வயிறு குலுங்கச் சிரிக்கலாம்' என்று போட்டிருக்கிறதே, சார்" என்றேன்.

"அது வியாபாரி சொல்வது. விமர்சகர்கள் என்ன சொல்கிறார்கள்? விஷயம் தெரிந்தவர்களிடமிருந்து ஒரு தாள் வாங்கி வரட்டும்."

அமீருதீன் வெளியே வந்து, "அம்மாந்தானா?" என்றான். படத்தைப் பார்த்தவன் எவனும் அது சிரிப்புப் படம் என்றுதானே சொல்வான் என்பது அவன் எண்ணம். பாவம், அவனுக்கு விமர்சகர்களைத் தெரியாது.

அன்று சாயங்காலமே கிடைத்த பத்திரிகைகளையெல்லாம் வாங்கி அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றில் இப்படி இருந்தது: "இப்படத்தில் சிரிக்க ஏதுமில்லை. சிந்திக்க நிறைய உண்டு. அது என்ன என்று சிந்தித்துக்கொண்டிருக்கிறோம்." இன்னொன்றில் விமர்சகர், இடைவேளையில் தமக்குக் கொடுத்த போண்டா வரைக்கும் நுட்பமாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு படம் தொய்ந்துவிட்டது என்று முடித்திருந்தார். மூன்றாவது, 'கலைத் தராசு' என்ற வாரப் பத்திரிகை. வட சென்னை கலை மதிப்பீட்டுக் கழகம் நடத்துவது. அதில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "தோலின் நிறத்தால் மனிதனைத் தாழ்த்துவது மாபாதகம் என்று இப்படம் அறைகூவுகிறது. தென்னாப்பிரிக்காவில் காட்ட வேண்டிய படம். நம்மிடம் இல்லாத நோய்க்கு நமக்கேன் மருந்து? தவிர, கதாநாயகி இன்னும் சற்று வெளுப்பாக இருந்திருக்கலாம். இருட்டுக் காட்சிகளில் அம்மையார் இருக்கிறாரா என்பதே தெரியவில்லை."

"சிரிப்புன்னு எங்கியாச்சும் போட்டுக்கீதா சார்?" என்று அமீருதீன் கேட்டான்.

"இல்லை."

"அப்ப நான் சிரிச்சது?"

கழகத்தாரையே நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

கழகத்தின் காரியாலயம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கருப்பட்டி மண்டியின் பின்கட்டில் இருந்தது. மண்டி முதலாளி செல்லக்கனிதான் கழகத் தலைவர். தெற்கத்திக்காரர். செயலாளர் ராசையா, பகலில் பள்ளிக்கூட வாத்தியார். இருவருக்கும் நடுவே மேஜைமேல் கணக்குப் பேரேடு கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது.

"எங்கள் முறை விஞ்ஞான ரீதியானது" என்றார் செல்லக்கனி. "மனம்போனபடி விமர்சனம் எழுதுகிறவர்கள் அல்ல நாங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ராசையா சிரிப்புப் பதிவேடு எழுதுகிறார். ஏலே, அந்தச் சிப்பத்த ஈரத்துல எறக்காதலேன்னு எத்தன தரம் சொல்லுதது!" கடைசி வாக்கியம் மண்டி ஆட்களுக்கு. எங்கள் பக்கம் திரும்பியதும் மறுபடி மேடைத் தமிழ் வந்துவிட்டது. "படியுங்கள், செயலாளரே."

ராசையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "ஆகஸ்டு ஒன்பது, மாலைக் காட்சி. பவுடர் பூசும் கட்டம். சோபா: ஓர் இருமல். நாற்காலி: ஒன்றுமில்லை. பெஞ்சு: ஆரவாரம். தரை: இரைச்சல், நான்கு நிமிடம்."

அமீருதீன் சட்டென்று முன்னால் போனான். "சாரு, அது இரைச்சல் இல்ல, சிரிப்பு! நாந்தான் சிரிச்சது. அல்லா மேல ஆணையா சிரிப்புதான்!"

செல்லக்கனி பொறுமையாகப் புன்னகை செய்தார். "தம்பி, ஏழாம் விதியைப் படிக்கிறேன், கேள். தரையில் எழுவது இரைச்சல். பெஞ்சில் எழுவது ஆரவாரம். நாற்காலியில் எழுந்தால் அது சிரிப்பு. சோபாவில் எழுந்தால்தான் அதற்கு நகைச்சுவை என்று பெயர். இல்லாவிட்டால் ஊரிலுள்ள அத்தனை படமும் நகைச்சுவைப் படமாகிவிடும். சோகப் படத்தில் மின்சாரம் நின்றால்கூடத் தரையில் சிரிக்கிறார்களே?"

"மனிதருக்குள் பேதம் பாராட்டக் கூடாது என்பதுதானே படத்தின் கருத்து?" என்றேன் நான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மிக உயர்ந்த கருத்து! சோபாவிலிருந்த நாங்கள்தானே அதை முதலில் கண்டுபிடித்தோம்? தரையிலிருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்துவிட்டார்கள்."

"போகட்டும் ஐயா. நாற்காலியில் ஒருவராவது சிரித்திருந்தால்?"

ராசையா பதிவேட்டைத் திரும்பப் பார்த்தார். "நாற்காலிச் சிரிப்பு ஒன்று பதிவாகியிருந்தாலும் போதும், 'நகைச்சுவை கலந்த படம்' என்று சான்று கொடுத்திருக்கலாம். ஆனால் பாருங்கள், ஒன்றுமில்லை என்றல்லவா இருக்கிறது?"

அந்த 'ஒன்றுமில்லை' நான்தான். கர்த்தரே, என் கைக்குட்டைதான் அது. அங்கேயே சொல்லியிருக்கலாம். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை. சொன்னால் மறுநாள் என் பெயருக்கும் ஒரு மெமோ வரும், அதையும் நானே டைப் அடிக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அமீருதீன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

அவன் செல்லக்கனி காலில் விழப் போனான். அவர் பதறிப்போய்க் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார். அவன் கைகளில் மார்க்கு மை முழங்கைவரை ஏறியிருந்தது, அவர் கட்டியிருந்ததோ சலவை வேட்டி. "வேண்டாம், வேண்டாம், தொட வேண்டாம். மறுமதிப்பீட்டுக்கு வழி இருக்கிறது. தனிக்காட்சி ஒன்று ஏற்பாடு செய்கிறோம். மனுதாரர் சோபாவில் உட்கார வேண்டும். அதே கட்டத்தில் அவருக்கு இயற்கையாகச் சிரிப்பு வந்தால் அது சோபாச் சிரிப்பாகப் பதிவாகும். விதி பத்து."

கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் இவர்களிடம் உள்ள சங்கடம். ஒவ்வொரு விதியும் தனித்தனியாகக் கேட்டால் நியாயமாகவே படும்.

நாள் குறிக்க நான்கு வாரம் ஆயிற்று. அதுவரை அமீருதீன் பேசின் பிரிட்ஜ் யார்டில் கரி அள்ளப் போனான். சாயங்காலம் வீடு திரும்பியதும் சிரித்துப் பழகுவான் என்று ரஹீமுன்னிசா என்னிடம் சொன்னாள். "சொவத்தப் பாத்துகினு 'ஹ ஹ'ன்றாரு சார். கொயந்த பயந்துகினு எங்கிட்ட ஓடியாருது. பேஜாரா கீது."

செப்டம்பர் ஆறாம் தேதி, ஞாயிறு காலை, தனிக்காட்சி. தலைமை வகிக்க ஒரு பெரிய மனிதர் வேண்டுமே என்று கழகத்தார் ஜெயவேலைக் கேட்டிருந்தார்கள். ஜெயவேல் தாமே தலைமை வகிக்காமல் கிரிம்ஷா துரையை அழைத்து வந்துவிட்டார். துரை வருகிறார் என்றதும் செல்லக்கனிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிற பேதத்தைக் கண்டிக்கிற கூட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரரே வருவது எவ்வளவு பெரிய கௌரவம் என்று வாசலிலேயே மூன்று பேரிடம் சொன்னார்.

துரைக்கு நடு சோபா. அவருக்கு வலப்புறம் ஜெயவேல், இடப்புறம் செல்லக்கனி. அமீருதீனுக்கு அதே வரிசையின் கோடியில் ஒரு சோபா ஒதுக்கியிருந்தார்கள். அவன் வெள்ளைச் சட்டையைச் சலவை செய்து போட்டுக்கொண்டு வந்திருந்தான். உட்காரப் போனவனை ராசையா, "கொஞ்சம் இரு" என்று நிறுத்தி, 'கலைத் தராசு' பழைய பிரதிகள் நான்கைந்தை சோபாமேல் விரித்தார். "தப்பா நெனச்சுக்காதேப்பா, வெல்வெட்டு துணி" என்றார். அமீருதீன் தாள்கள் கிழியாமல் பதமாக உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன்.

படம் ஓடிற்று. பவுடர் கட்டம் வந்தது. ராசையா ஒரு கையில் நோட்டுப் புத்தகமும் மறு கையில் டார்ச்சு விளக்குமாக அமீருதீனுக்கு எதிரே வந்து குந்தினார். டார்ச்சு வெளிச்சம் அவன் வாய்மேல் விழுந்தது. கழகத்தார் பன்னிரண்டு பேரும் படத்தை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள்.

"இப்போது?" என்றார் ஹெட் கிளார்க் திரையில்.

சிரி அமீர், சிரித்துத் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவன் உதடுகள் விரிந்தன. பல் தெரிந்தது. தொண்டையிலிருந்து காற்று வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ராசையா அதையும் குறித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம், எஜமான்" என்றான் பியூன் திரையில்.

அதுவரை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த கிரிம்ஷா துரை நிமிர்ந்தார். திரையில் ஹெட் கிளார்க்கைப் பார்த்தார். திரும்பி, பக்கத்தில் ஜெயவேலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், ஐயோ, அப்படி ஒரு சிரிப்பு! கால்களை உதைத்துக்கொண்டு, ஜெயவேலின் முதுகில் பளார் பளார் என்று அறைந்து, "யூ! யூ!" என்று திரையையும் ஜெயவேலையும் மாறி மாறிக் காட்டிச் சிரித்தார். அமீருதீன் எதற்காக மெமோ வாங்கினானோ, அதைத்தான் துரை செய்தார். என்ன, அவர் நிஜமாகவே ஜெயவேலைப் பார்த்துச் சிரித்தார்.

கழகத்தார் எல்லோரும் ஜெயவேலின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஜெயவேல் சிரித்தார். துரையைவிட உரக்கச் சிரித்தார். அறை விழுந்த வேகத்தில் அவர் கழுத்துப் பவுடர் டார்ச்சு வெளிச்சத்தில் பறந்தது. உடனே செல்லக்கனி சிரித்தார், கழகத்தார் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். ராசையா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு மறு கையால் எழுதினார். நானும் சிரித்தேன். ஆமாம், அன்றைக்கு என்னிடம் கைக்குட்டை இருந்தது, அதை எடுக்கவில்லை. அந்தக் கொட்டகையில் சிரிக்காமல் இருந்தவன் அமீருதீன் ஒருவன்தான்.

படம் முடிந்ததும் கூட்டம். செல்லக்கனி மாலையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்: "நிறத்தை வைத்து மனிதனை மதிப்பிடாதே என்று இப்படம் போதிக்கிறது. இது நகைச்சுவையா அல்லவா என்று ஒரு மாத காலமாக நாம் குழம்பிக்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளையர் வந்து சிரித்தார், குழப்பம் தீர்ந்தது!" பலத்த கைதட்டல்.

அடுத்து ஜெயவேல் பேசினார்: "அந்த ஹெட் கிளார்க் பாத்திரம் அபாரம். அப்படிப்பட்ட ஆசாமிகள் இன்னும் நம் நாட்டில் இருக்கிறார்களாம். நான் ஒருவரையும் நேரில் கண்டதில்லை. கண்டால் சும்மா விடமாட்டேன்." பேச்சு முடிந்ததும் துரையின் பின்னால் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. "'துரை குழாய்' 6-9-53 தேதி முதல் நகைச்சுவைப் படமாகக் கருதப்படும்." ராசையா அதன் நகல் ஒன்றில் முத்திரை குத்தி அமீருதீனிடம் கொடுத்தார். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் நீட்டினான். "ஆயிருச்சா சார்? வேலை கெடச்சிருமா?"

நான் படித்துப் பார்த்தேன். நேரே செல்லக்கனியிடம் போனேன்.

"ஐயா, ஆறாம் தேதி முதல் என்று போட்டிருக்கிறதே. இவன் சிரித்தது போன மாதம் ஒன்பதாம் தேதி."

"ஒன்பதாம் தேதி அது நகைச்சுவைப் படம் இல்லையே?"

"அதே படம்தானே, ஐயா!"

"படம் அதேதான். மதிப்பீடு வேறு. அன்றைக்குச் சிரித்தவர் மதிப்பீட்டுக்கு முன்னாலேயே சிரித்துவிட்டார். நாங்கள் என்ன செய்ய முடியும்?"

"'முன்தேதியிலிருந்தே செல்லும்' என்று ஒரு வரி சேர்த்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்."

செல்லக்கனியின் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "முன்தேதி போடச் சொல்கிறீரா? கருப்பட்டி வியாபாரத்தில்கூட நான் அதைச் செய்ததில்லை. கலையில் செய்வேனா?" என்று சொல்லிவிட்டு மாலைகளை எண்ணப் போய்விட்டார்.

நடந்தே திரும்பினோம். வழியில் அமீருதீன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "ஒம்போதாந் தேதி எனுக்கு சிரிப்பு வந்துச்சி சார். இன்னிக்கி வரல. நான் இன்னா பண்ணட்டும்?" ரயில்வே கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகிறவரை இரண்டு பேரும் சும்மா நின்றோம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயவேல் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு முதுகில் இன்னும் வலி போலிருக்கிறது, நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். "எழுதிக்கொள்ளும்" என்றார். எழுதிக்கொண்டேன். டைப் அடித்தேன். மூன்று பிரதி.

சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு காலடிப்பேட்டைக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே போய்ப் படித்துக் காட்டுவது ஒரு பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவு முட்டாள் நான். ரஹீமுன்னிசா டீ கொண்டுவந்து வைத்தாள். அமீருதீன் யார்டிலிருந்து வந்து கையைக்கூடக் கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சபீஹா தரையில் படுத்துச் சிலேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"படிங்க சார்" என்றான்.

படித்தேன். "நேற்றைய தனிக்காட்சியில், கம்பெனி டைரக்டர் அவர்களும் உதவி மானேஜர் அவர்களும் சிரித்துக்கொண்டிருந்தபோது, அதே வரிசையில் அமர்ந்திருந்த நீர் சிரிக்காமல் இருந்ததாக நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறது. மேலதிகாரிகளின் சிரிப்பை அலட்சியம் செய்தமைக்குக் காரணம் காட்டவும். முந்தைய மெமோவுக்கான பதிலையும் சேர்த்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தரவும். தவறினால் வேலையும் வீடும் இல்லை."

ரஹீமுன்னிசா என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இருங்க சார். சிரிச்சதுக்கு ஒரு சீட்டு. இப்ப சிரிக்காததுக்கு ஒரு சீட்டா?"

"ஆமாம்மா."

"ரெண்டுத்துக்கும் ஒரே பதிலா எயுதணுமா?"

"ஆமாம்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். முந்தானை நழுவியதும் பார்த்தால், சிரிக்கிறாள்! "யா அல்லா... சிரிச்சதுக்கும்... சிரிக்காததுக்கும்..." என்று சொல்ல முடியாமல் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரிப்பதைப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலே சபீஹாவும் சிரித்தாள். அவளுக்கு அப்பனுடைய சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து வருவது, லேசில் நிற்காது.

அமீருதீன் எழுந்தான். ஒரே எட்டில் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். பக்கத்து வீட்டில் கம்பெனி வாட்ச்மேன் குடியிருந்தான், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். திரும்பி வந்து குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, கரி அப்பிய உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான். அவள் விளையாட்டு என்று நினைத்துவிட்டாள், இன்னும் அதிகமாகச் சிரித்தாள். அவன் இன்னும் அழுத்தினான்.

"வுடுங்க! மூச்சு முட்டப் போவுது, வுடுங்க!" என்று ரஹீமுன்னிசா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

அவன் கையை எடுத்தான். குழந்தையின் வாயைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமீருதீன் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். பதினோரு வருஷம் பழகியவன். ஒரு நாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"சார்" என்றான் மெதுவாக. "நீங்க இங்க சிரிப்பு ஒண்ணும் கேக்கலியே?"

"இல்லை, அமீர்" என்றேன். "நான் எதுவும் கேட்கவில்லை."